அப்பா சொன்ன ராஜி, நான் எழுதிய ராஜி

அப்பா மறைந்து ஓராண்டு நிறையும் இந்நாளில் மட்டாஞ்சேரி வீட்டுக்கு வந்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினருக்கும் தோழர்களுக்கும் அவருடைய ஒரே மகளின் வணக்கம். உங்களில் பாதிப்பேர் கடைசிப் பன்னிரண்டு ஆண்டுகள் அப்பாவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அதைக் குத்திக்காட்ட நான் எழுதவில்லை. பண்டகசாலைத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தம் உச்சத்தில் இருந்தபோது, தலைவர் பதவியை உதறிவிட்டு நடுவழியில் ஓடிப்போனவர் என்று அவரைப் பற்றி நினைக்கிறீர்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நடந்தது அப்படி இல்லை என்பது அவர் கண்ணை மூடுவதற்குச் சில நாட்கள் முன்புதான் எனக்குத் தெரிந்தது. அவர் பெயரில் ஒட்டிக்கொண்ட பழியைத் துடைக்க வேண்டியவள் நான். ஏனென்றால் அதை ஒட்டியதும் நான்தான்.

முறைப்படி பிறப்பிலிருந்து தொடங்குகிறேன். அப்பா பிறந்தது தென்காசிக்குப் பக்கத்தில். தாத்தா கல் உடைக்கும் வேலை செய்து, நெஞ்சில் தூசி அடைத்துச் சீக்கிரமே போய்ச் சேர்ந்தார். பதினேழு வயதில் அப்பா ஒரு மாமாவின் பின்னால் கொச்சிக்கு வந்தார். வந்த முதல் வாரமே ஊருக்குத் திரும்பிவிட எண்ணியதாகவும், வெறுங்கையோடு போய் நிற்க வெட்கப்பட்டுத் தங்கிவிட்டதாகவும் சொல்வார். மிளகும் சுக்கும் ஏலமும் அடைத்து வைக்கும் பண்டகசாலைகளில் மூட்டை தூக்கினார். ஒரு பக்கத் தோள் காய்த்துத் தடித்துவிட்டதால், எங்கள் தெருத் தையல்காரர் அவருக்கு மட்டும் அந்தப் பக்கத்தில் கொஞ்சம் கூடுதலாகத் துணி விட்டுத்தான் சட்டை தைப்பார்.

அம்மா அதே பண்டகசாலையில் சுக்குப் பொறுக்கிக்கொண்டிருந்தார். தரையில் உட்கார்ந்து, சுண்ணாம்பு படிந்த சுக்கைத் தட்டி, நல்லது கெட்டது பிரிக்கும் வேலை. அதைச் செய்தவர்கள் எல்லாரும் பெண்கள். அங்கே ஒரு கழிப்பறை இருந்தது. ஆனால் அது பூட்டிக் கிடக்கும், சாவி கணக்குப்பிள்ளையின் இடுப்பில் இருக்கும். பெண்கள் காலையில் வந்தால் மாலை வரை அடக்கிக்கொண்டுதான் இருக்க வேண்டும். ஒருநாள் அப்பா மூட்டையைப் பாதி வழியில் இறக்கி வைத்து, அந்தப் பூட்டைத் திறக்காமல் இனி ஒரு மூட்டையும் நகராது என்று அதன்மேல் உட்கார்ந்துவிட்டார். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். வெளியே லாரிகள் வரிசை கட்டி நின்றன. மத்தியானத்துக்குள் பூட்டு திறந்தது. தலைவர்கள் பலருக்கு அரசியல் பிரவேசம் மாநாட்டில் நடக்கும். அப்பாவுக்குக் கக்கூஸ் வாசலில் நடந்தது என்று அம்மா கேலி செய்வார். அப்பாவுக்கு அதில் பெருமைதான்.

அதற்குப் பிறகு கட்சி அவரைத் தேடி வந்தது. சங்கக் கிளைச் செயலாளர் ஆனார், பிறகு தலைவர். மூட்டை தூக்குவதை விட்டுக் கட்சியின் முழுநேர ஊழியர் ஆனார். ஒரு முறை கவுன்சிலராக வென்றார், அடுத்த முறை தோற்றார். வென்றபோது எங்கள் காலனிக்குக் குடிநீர்க் குழாயும் பலருக்கு ரேஷன் கார்டும் வந்தன. தோற்ற மறுநாள் காலையிலும் வழக்கம்போல் சாயாக்கடையில் உட்கார்ந்து மனு வாங்கினார். "தோத்துட்டீங்களே அண்ணாச்சி, இன்னுமா மனு?" என்று கேட்டவரிடம், "எனக்குத்தான் ஓட்டு இல்ல, ஒனக்குக் கஷ்டம் இல்லாமலா போச்சு?" என்றாராம்.

அவர் மேடையில் பேசியது எந்த மொழி என்று யாராலும் சொல்ல முடியாது. தமிழில் தொடங்கி மலையாளத்தில் முடிப்பார். ஒரு கூட்டத்தில், "இது நமக்கு அவசரம் தோழர்களே!" என்று முழங்கினார். வேலை சீக்கிரம் நடக்க வேண்டும் என்பது அவர் சொன்னதன் பொருள். மலையாளத்தில் அவசரம் என்றால் வாய்ப்பு. இது நமக்குக் கிடைத்த நல்ல வாய்ப்பு என்று புரிந்துகொண்டு மலையாளத் தோழர்கள் கைதட்டினார்கள். அன்று வீட்டில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். இப்போது அதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

மலையாளத்தில் அவருக்குப் பஸ் பலகை வாசிக்கும் அளவுக்குத்தான் எழுத்து தெரியும். மனு, அறிக்கை, கட்சிக் கடிதம் எல்லாம் அவர் தமிழில் சொல்ல, நான் மலையாளத்தில் எழுதித் தருவேன். நான் படித்தது மலையாளப் பள்ளியில். அந்த வேலைநிறுத்தத்தின்போது எனக்கு இருபத்துநான்கு வயது. எர்ணாகுளத்தில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் தட்டச்சு வேலையில் இருந்தேன். அறியாப் பிள்ளை செய்த தவறு என்று என்னை யாரும் மன்னிக்க வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

வேலைநிறுத்தம் எதற்காக என்பதை இளையவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். முதலாளிகள் மட்டாஞ்சேரிப் பண்டகசாலைகளை மூடிவிட்டு, நகருக்கு வெளியே புதிய கிடங்குக்குச் சரக்கைக் கொண்டுபோகத் தொடங்கினார்கள். அங்கே பொறுக்குவதற்கு இயந்திரம் வந்துவிட்டது. மூட்டை தூக்குபவர்களுக்கு வேலை உண்டு, பொறுக்கும் பெண்களுக்கு இல்லை என்றார்கள். ஒரு பெண்ணைக் கூட வேலையை விட்டு அனுப்ப விடமாட்டோம் என்று அப்பா பந்தல் போட்டு உட்கார்ந்தார். முன்வரிசையில் பெண்கள். அவர்களுக்குத் தலைவி பாக்கியம் அக்கா. அவரை உங்கள் எல்லாருக்கும் தெரியும்.

வாரங்கள் போயின. பந்தலில் கூட்டம் குறைந்தது. முதலாளிகள் தரப்பிலிருந்து ஒரு பேச்சு வந்தது. பாதிப் பெண்களை இப்போது எடுத்துக்கொள்கிறோம், மீதிப் பேரை அடுத்த சீசனில் பார்க்கலாம் என்றார்கள். இது அப்போது அப்பாவுக்கு மட்டும்தான் தெரியும், எனக்கே தம் கடைசி நாட்களில்தான் சொன்னார். பந்தலில் அவர் அதைச் சொல்லவில்லை. "ஓரடி கூடப் பின்வாங்க மாட்டோம்" என்று காலையிலும் மாலையிலும் முழங்கிக்கொண்டிருந்த மனிதர் எப்படிச் சொல்வார்?

அதே நாட்களில் வீட்டில் அம்மாவுக்கு மூச்சுத் திணறல் முற்றியிருந்தது. இருபது வருடச் சுக்குத் தூசி. தலையணை இரண்டை அண்டக் கொடுத்து உட்கார்ந்தபடிதான் தூங்குவார். நான் வேலைக்கும் போய், ஆஸ்பத்திரிக்கும் அழைத்துப் போய், சமையலும் பார்த்தேன். அப்பா குளிக்க மட்டும் வீட்டுக்கு வருவார். எனக்கு அவர்மேல் கோபம் இருந்தது. பத்திரிகைகளில் ஒன்று, தலைவர் ராஜி வைக்கப்போகிறார் என்று எழுதியிருந்தது. மலையாளத்தில் ராஜி என்றால் பதவி விலகல். அதை வாசித்தபோது, அப்படியே ஆகட்டும், மனிதர் வீட்டுக்கு வந்து சேரட்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன்.

மறுநாள் மத்தியானம் அப்பா வந்தார். தொண்டை கட்டிப் பாதிக் குரல்தான் வெளியே வந்தது. "எழுது மோளே, மாவட்டக் கமிட்டிக்கு" என்றார். நிலைமையைச் சொன்னார், பந்தலில் ஆள் குறைவதைச் சொன்னார். கடைசியில், "நான் ராஜிக்குத் தயார். முடிவ கமிட்டி எடுக்கட்டும். அப்படிப் போடு" என்றார். நான் போட்டேன். எழுதி முடித்து வாசித்தும் காட்டினேன். "ஞான் ராஜிக்கு தய்யாராணு. தீருமானம் கமிட்டி எடுக்கட்டே." அவர் சொன்ன சொல்தான் அவர் காதிலும் விழுந்தது. தலையை ஆட்டிவிட்டுத் தமிழில் கையெழுத்துப் போட்டார். அன்று எனக்கு அரைநாள் விடுப்பு, மத்தியானத்துக்கு மேல் வேலைக்குப் போகிற வழியில் நானே கட்சி அலுவலகத்தில் கொடுத்தேன். படியிறங்கும்போது எனக்கு மனம் லேசாக இருந்தது. அப்படி இருந்தது என்பதை மறைத்தால் இந்தக் கட்டுரையை எழுதிப் பயன் இல்லை.

கமிட்டி மறுநாள் காலையில் கூடி, ராஜியை ஏற்றுக்கொண்டது. பத்திரிகைக்கும் சொல்லிவிட்டார்கள். அப்பா பந்தலில் பேசிக்கொண்டிருந்தபோது செய்தி வந்திருக்கிறது. நேராகக் கட்சி அலுவலகத்துக்குப் போனார். அங்கே நடந்ததை அப்போதைய ஏரியா செயலாளர் பின்னாளில் என்னிடம் சொன்னார். அப்பா கடிதத்தை வாங்கி எழுத்துக் கூட்டி வாசித்தாராம். "சகாவே, இது நிங்களுடெ ஒப்பல்லே?" என்று கையெழுத்தைக் காட்டிக் கேட்டாராம் செயலாளர். "என் ஒப்புத்தான்" என்று சொல்லிவிட்டு அப்பா எழுந்து வந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து, செம்பில் தண்ணீர் வாங்கிக் குடித்தார். "அந்தக் கடிதாசிய நீதான எழுதின?" என்றார். "நீங்க சொன்னத அப்படியே எழுதினேன்பா" என்றேன். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "ஒன் எழுத்து நல்லாருக்கு" என்றார். அதற்குப் பிறகு அந்தக் கடிதத்தைப் பற்றி எங்கள் வீட்டில் பேச்சே எழவில்லை.

தலைவர் போன வேலைநிறுத்தம் இரண்டு வாரம் தள்ளாடி நின்றுபோனது. பாதிப் பெண்களை எடுத்துக்கொள்கிறோம் என்ற பேச்சும் அதோடு போனது. ஒருவருக்கும் வேலை கிடைக்கவில்லை. சிலர் வீட்டு வேலைக்குப் போனார்கள், சிலர் ஊருக்கே திரும்பினார்கள். அப்பா ஜூ டவுன் என்ற பழைய யூதர் தெருவில் ஒரு பழம்பொருள் கடை வாசலில் காவலாளியாகச் சேர்ந்தார். வெள்ளைக்காரச் சுற்றுலாப் பயணிகள் அவரோடு நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். பாக்கியம் அக்கா பக்கத்து ஓட்டலில் பாத்திரம் கழுவப் போகிற வழி அது. அவர் கடந்து போகும்போதெல்லாம் அப்பா ஸ்டூலை விட்டு எழுந்து நிற்பார். அக்கா முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு போவார். இதை நான் என் கண்ணால் பலமுறை பார்த்திருக்கிறேன். ஓடிப்போனவருக்கு இது வேண்டியதுதான் என்றுகூட ஒரு முறை நினைத்தேன். அப்பா, அதற்காக என்னை மன்னியுங்கள்.

அம்மா அதற்குப் பிறகு மூன்று ஆண்டுகள் இருந்தார். அந்த மூன்று ஆண்டும் அப்பா வேலை முடிந்து வேறெங்கும் போகவில்லை. அம்மாவுக்குத் தலை வாரிவிடுவார், கஞ்சியை ஆற்றி ஊட்டுவார். ஆவி பிடிக்கப் போர்வையைப் போட்டு மூடிவிட்டு, "தோழர், உள்ள உசுரோட இருக்கீயளா?" என்று கேட்பார். அம்மா போர்வைக்குள்ளிருந்து திட்டுவார். கல்யாணமான நாளிலிருந்து அவர்கள் இப்படிச் சேர்ந்து இருந்ததே இல்லை. நான் ஆசைப்பட்டது நடந்தது. அம்மா அவர் கையைப் பிடித்தபடியே போனார்.

சென்ற ஆண்டு அப்பாவுக்கு நுரையீரலில் நீர் கோத்து, எர்ணாகுளத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பக்கத்துக் கட்டிலில் கட்டட வேலைக்கு வந்த மதுரைப் பக்கத்துக்காரர் ஒருவர் காலில் கட்டோடு படுத்திருந்தார். அவர் மனைவி ஒருநாள் மத்தியானம் போனில் பேசி முடித்து, என் பக்கம் திரும்பிச் சந்தோஷமாகச் சொன்னார். "எங்க கொழுந்தனாருங்க ரெண்டு பேரும் ஸ்டேஷன்லயே ராஜியாயிட்டாங்களாம்."

"ரெண்டு பேருமா? எந்த வேலைய ராஜி வச்சாங்க?" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். "வேலையவா? நீங்க ஒண்ணு. வரப்புச் சண்டை கேசும்மா. சமாதானமாப் போயிட்டாங்க. அதான் ராஜி. உங்க ஊர்ல அப்படிச் சொல்ல மாட்டாங்களா?"

எங்கள் ஊரில் அப்படிச் சொல்ல மாட்டார்கள். சமாதான உடன்பாட்டுக்கு மலையாளத்தில் ஒத்துதீர்ப்பு என்று பெயர். வக்கீல் அலுவலகத்தில் அந்தச் சொல்லை எத்தனை முறை தட்டியிருப்பேன். தமிழில் அதே காரியத்துக்குப் போலீஸ் ஸ்டேஷனிலும் பஞ்சாயத்திலும் ராஜி என்று சொல்வார்கள் என்பது, தமிழ் வீட்டில் பிறந்த எனக்கு முப்பத்தாறு வயது வரை தெரியாது. திரும்பிப் பார்த்தேன். அப்பா விழித்திருந்தார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

"அப்பா, அன்னிக்கு நீங்க சொன்ன ராஜி..." என்று தொடங்கினேன்.

அவர் மூக்கிலிருந்த குழாயை ஒதுக்கிக்கொண்டு, "ஒனக்கு இப்பத்தான் தெரியுமா?" என்றார்.

"சத்தியமா இப்பத்தான்பா."

"நீ தெரிஞ்சுதான் எழுதினன்னுல்லா நெனச்சிருந்தேன்" என்றார். "ஒங்கம்மைக்காக என்னய வீட்டுல கொண்டாந்து உக்கார வைக்கணும்னு நீ செஞ்சிருக்கன்னு. நல்லதுக்குத்தான செஞ்சா, போட்டும்னு விட்டுட்டேன்."

ஆபீசில் ஏன் வாய் திறக்கவில்லை என்று கேட்டேன். மூச்சு வாங்க வாங்கச் சொன்னார். "என்னன்னு சொல்ல? நான் வெலகல, சமாதானத்துக்குத்தான் சம்மதிச்சேன்னா, பந்தல்ல ஒரு பேச்சு, கடிதாசில ஒரு பேச்சான்னு கேக்க மாட்டாவளா? பாக்கியத்தோட மொகத்துல எப்படி முழிக்க? ஓடிட்டான்னு சொல்லுறது, வித்துட்டான்னு சொல்லுறதுக்குத் தேவல மோளே."

உறவினர்களே, தோழர்களே, இதுதான் உண்மை. அப்பா பதவியை விட்டு ஓடவில்லை. உடன்பாட்டுக்குத் தயார் என்று சொன்னார். அதையும் தானாக முடிவு செய்யாமல் கட்சியிடம் விட்டார். பந்தலில் இருந்தவர்களிடம் அதை மறைத்தது அவர் தவறு. அதை நான் பூசி மெழுகப் போவதில்லை. ஆனால் மகள் வேண்டுமென்றே தன் அரசியலைக் கெடுத்தாள் என்று பன்னிரண்டு ஆண்டுகள் நம்பிக்கொண்டு, அந்த மகள் போட்ட சோற்றை ஒரு நாளும் முகம் சுளிக்காமல் உண்டார். காலையில் நான் வேலைக்குக் கிளம்பும்போது வாசல் வரை வந்து, "பாத்துப் போ மோளே" என்பதை ஒரு நாளும் விடவில்லை. அதை நினைக்கும்போது எனக்குத் தாங்கவில்லை. வேண்டுமென்றே செய்யவில்லை என்று அவரிடம் சத்தியம் செய்தேன். அவர் நம்பினார் என்றே நினைக்கிறேன். அவர் வாயிலிருந்து வர வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்ட சொல்தான் அன்று என் காதில் விழுந்தது என்பதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை. ஆறாம் நாள் அவர் போய்விட்டார்.

அவர் உடல்மீது செங்கொடி போர்த்தவில்லை. பின்னர் நான் கட்சி அலுவலகத்துக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். ஏரியா செயலாளராக இருந்தவர் இப்போது வயதாகி, ஓரத்து நாற்காலியில் இருக்கிறார். முழுவதையும் கேட்டார். "கத்து ஃபயலில் உண்டு மோளே. இனி அது திருத்தான் பற்றில்லல்லோ" என்றார். கடிதம் கோப்பில் இருக்கிறது, இனி அதைத் திருத்த முடியாதே என்கிறார். அவர் சொன்னது சரிதான். அவர் கண் கலங்கியிருந்தது.

பதினாறாம் நாள் பாக்கியம் அக்கா வீட்டுக்கு வந்தார். வாசலில் நின்று படத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பப் போனவரைக் கையைப் பிடித்து உள்ளே உட்கார வைத்துச் சொன்னேன். ராஜியையும் சொன்னேன், பாதிப் பெண்களுக்கு வேலை என்று வந்த பேச்சையும் சொன்னேன். அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"பாதிப் பேருக்கா?" என்று கேட்டார். பிறகு மடியில் இருந்த தம் கைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எங்ககிட்டச் சொல்லியிருந்தா சரின்னுருப்போமே பிள்ள. எப்படியாவது முடிஞ்சாப் போதும்னுதான் நாங்களும் பந்தல்ல உக்காந்திருந்தோம். அண்ணாச்சி அந்தப் போடு போடுதாவ, நாம எப்படிச் சொல்லன்னு வாயடச்சுக் கெடந்தோம்." புறப்பட எழுந்தபடி, "ரோட்டுல எந்திரிச்சு நிப்பாவளே, ஒரு நாளாவது நின்னு பேசியிருக்கணும்" என்றார்.

அப்பாவைக் கடைசி நாட்களில் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர் சேச்சிமாருக்கும், உடலைச் சுமந்த காலனித் தம்பிகளுக்கும், பேசாமல் இருந்தும் சுடுகாடு வரை வந்த பழைய தோழர்களுக்கும் என் நன்றி. காவலாளிக்காக ஒரு நாள் கடையடைத்த ஜூ டவுன் கடைக்காரருக்கும் நன்றி. அம்மா கற்றுக்கொடுத்த தமிழ் எழுத்தை வைத்துக்கொண்டு தட்டுத்தடுமாறி நான் எழுதியதைத் திருத்தித் தந்த திருப்பூணித்துறைத் தமிழாசிரியருக்கும் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஒரு வேண்டுகோள். நம் பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் வாசிக்க வராது. இதை நீங்கள்தான் அவர்களுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். ராஜி என்ற சொல் வரும் இடத்தில் தயவுசெய்து வேகமாகப் போய்விடாதீர்கள். பிள்ளை தலையை ஆட்டினால் புரிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நிறுத்தி, உனக்கு என்ன புரிந்தது என்று கேளுங்கள். நான் அன்று அப்பாவிடம் அதைக் கேட்கவில்லை.